பதினைந்து பேர்: பேராக் இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்க் கழகங்களின் வரலாறு

பள்ளி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கட்டடங்களையும் தலைமையாசிரியர்களையும் தேர்வு முடிவுகளையுமே கணக்கில் கொள்கின்றனர். பாடவேளை முடிந்த பின் அங்கு நடப்பவை, ஆண்டு மலரின் பிற்பகுதியில் ஒரு நிழற்படத்தோடும் நாலு வரிக் குறிப்போடும் நின்றுவிடுகின்றன. ஆனால், பேராக் மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் எவ்வாறு நிலைத்தது என்பதை அறிய விரும்புவோர் அந்தப் பிற்பகுதியிலிருந்தே தொடங்கவேண்டும். காரணம் எளிது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்கு மேல் தமிழ் ஒரு பாடமாகலாம்; பயிற்றுமொழியாக இல்லை. ஆகவே, அந்நிலையில் தமிழுக்குக் கிடைத்த ஒரே மேடை மாணவர் கழகமே என்ற நிலை பல பள்ளிகளில் இருந்தது.

இரு பள்ளிகள், இரு உலகங்கள்

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். லயங்களின் அருகே தோட்டப்பள்ளிகள் எழுந்தன. கிராணியோ கங்காணியோ ஆசிரியராய் இருந்த பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அங்குப் பயின்ற பிள்ளைக்கு அடுத்த படி பெரும்பாலும் பால்மரக்காடாகவே இருந்தது.

நகரத்தில் நிலை வேறு. ஈப்போவில் 1895இல் மெதடிஸ்ட் சபையார் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினர். 1909இல் அண்டர்சன் பள்ளியும், 1912இல் லசால் சகோதரர்களின் புனித மைக்கேல் பள்ளியும் தோன்றின. இங்கிலாந்துப் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்ட இவை போன்ற பள்ளிகளில் விளையாட்டு இல்லங்கள், சாரணர் இயக்கம், சொற்போர் மன்றம், பித்தளை வாத்தியக் குழு ஆகியவை கல்வியின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டன. கூடிப் பேசவும் பொறுப்பேற்கவும் மாணவர் அங்கே கற்றனர். ஆனால், அனைத்தையும் ஆங்கிலத்தில் கற்றனர். அப்பள்ளிகளில் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுள் அரசு அலுவலர், எழுத்தர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் மக்களே மிகுதி. தோட்டத்துப் பிள்ளை அவர்களிடையே அரிதாகவே காணப்பட்டான்.

எண்ணிக்கை கேட்ட சட்டம்

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, ஒரு பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கோரினால் தமிழ் கற்பிக்க வழிசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைத்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், பின்னர் வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பதினைந்து என்னும் எண்ணைக் கைக்கொண்டன. தமிழ்ப்பள்ளியில் பயின்றோர் இடைநிலைக் கல்வியைத் தொடர ஓராண்டுப் புகுமுக வகுப்பும் அமைந்தது. இதனால் தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்து இடைநிலைப்பள்ளிகளுக்குக் கூடுதலாக வரலாயினர். இரு உலகங்களும் ஒரே வளாகத்தில் சந்தித்தன.

சட்டம் உரிமையைத் தந்தது. ஆனால், அவ்வுரிமைக்கு ஓர் எண்ணிக்கையைக் கேட்டது. பதினைந்து பேர் தாமாகச் சேர்வதில்லை. சேர்க்க ஒருவர் வேண்டும். சேர ஓர் இடம் வேண்டும். சேர்வதில் பெருமையும் வேண்டும். இம்மூன்றையும் தமிழ்க் கழகம் தந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெருமைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1952இல் அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், மலாயாவெங்கும் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, கலைநிகழ்ச்சி ஆகியவற்றின் மேடையாயிற்று. அவருடைய நாளிதழில் மலர்ந்த மாணவர் மணிமன்றம், இளம் வாசகர்களை எழுத்தாளர்களாக்கியது. ஊர்தோறும் இளைஞர் மன்றங்கள் உருவாகவும் தூண்டியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்குரிய இடம் கேள்விக்குள்ளானபோது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு அவர் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. இத்தகைய காலத்தில் பள்ளிக் கழகத்தில் சேர்ந்த மாணவன், தன் மொழி வீட்டோடு முடிவதன்று என்பதைக் கண்ணாரக் கண்டான்.

கழகம் கற்பித்தவை

தமிழ்க் கழகத்தின் பணிகள் அனைவரும் அறிந்தவையே: பேச்சு, கவிதை ஒப்புவித்தல், கையெழுத்து இதழ், நாடகம், பொங்கல் விழா. இவற்றைவிடக் கருதத்தக்கது அதன் நடைமுறை. தலைவரைத் தேர்ந்தெடுத்தல், கூட்டக் குறிப்பு எழுதுதல், வரவு செலவுக் கணக்கை உறுப்பினர் முன் வைத்தல், மாற்றுக் கருத்தை மரியாதையோடு மறுத்தல் என ஆங்கிலச் சொற்போர் மன்றம் நகரத்துப் பிள்ளைக்குக் கற்பித்த அனைத்தையும் தமிழ்க் கழகம் தோட்டத்துப் பிள்ளைக்கு அவனுடைய மொழியிலேயே கற்பித்தது. “அவைத்தலைவர் அவர்களே” என்று முதன்முறை சொல்லும்போது நாக்கு உலர்ந்துபோகும். அந்த நடுக்கத்தைக் கடந்தவர், பின்னாளில் கோயில் நிருவாகத்திலும் தொழிற்சங்கத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் எழுந்து பேசத் தயங்கவில்லை.

இசையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பள்ளியின் வாத்தியக் குழுவுக்குச் சீருடையும் கருவியும் பயிற்றுநரும் இருந்தனர். விளையாட்டு விழாவில் அது அணிவகுப்பின் முன் சென்றது. தோட்டத்துப் பிள்ளை கொண்டுவந்த இசை வேறு. மாரியம்மன் திருவிழாவில் கேட்டுப் பழகிய உறுமியும் தப்பும், கோலாட்டமும் கும்மியும், தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் காவடிக்கு முன் முழங்கும் மேளமும் அவன் கற்ற இசை. பள்ளியின் பார்வையில் முன்னது கலை, பின்னது வழிபாட்டு ஓசை. தமிழ்க் கழகத்தின் கலைநிகழ்ச்சி அக்கோட்டை அழித்தது. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் மேடையில் கோலாட்டத்தை வழிநடத்தியபோது, அவனிடமும் பள்ளிக்குத் தருவதற்கு ஒன்று இருந்தது என்பதைப் பிறர் உணர்ந்தனர்.

பேருந்து புறப்படும் நேரம்

ஆயினும், கழகங்களின் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. கழகக் கூட்டம் பாடவேளைக்கு வெளியே நடந்தது. நகரத்து மாணவன் வீட்டுக்குச் சென்று உண்டு மீண்டும் வரலாம். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் போன்ற ஊர்களின் தோட்டப்புறங்களிலிருந்து வந்தவனுக்கோ பேருந்து புறப்படும் நேரமே கழகத்தின் முடிவு நேரம். பேருந்தைத் தவறவிட்டால் செம்மண் சாலையில் நெடுந்தொலைவு நடக்கவேண்டும். மாணவிக்கு அதுவும் இயலாது. வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுக்காகக் காத்திருக்கும். கூட்டத்துக்கு வராதவர்களை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று பதிவேடு குறித்துக்கொண்டது. உண்மையில் அவர்களுக்கு இல்லாதிருந்தது ஆர்வமன்று, ஊர்தி. தமிழை அதிகம் பேசிய பிள்ளைகளே தமிழ்க் கழகத்துக்கு வர இயலாதிருந்த முரணை நாம் மறைக்கலாகாது.

மாறிய காலம்

1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய பயிற்றுமொழி மாற்றம், 1980இல் ஐந்தாம் படிவத்தை எட்டியது. மலாய் பள்ளிகளின் மொழியாயிற்று. அதே காலத்தில் ரப்பர் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் ஈப்போ முதலிய நகரங்களின் புறப்பகுதிகளில் குடியேறினர். பேருந்துச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. ஆனால், கோயிலும் பள்ளியும் லயமும் ஒன்றாய் இருந்த தமிழ்ச் சூழல் கலைந்தது. முன்பு கழகம், மொழியை அறிந்தவனுக்கு மேடை தந்தது. இப்போது, மேடை தருவதன் வழியே மொழியையும் தரவேண்டிய கடமை அதன்மேல் விழுந்தது.

தேர்வு முறையும் சோதித்தது. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க இயலாது என அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபடும் என்ற அச்சம் எழுந்தது. சமூகத்தின் எதிர்ப்புக்குப் பின்னரே பன்னிரண்டு பாடங்களுக்கு இடமளிக்கப்பட்டது. மறுபுறம், அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு ஒதுக்கப்பட்டது. கழகத்துக்கு மதிப்புக் கூடியது உண்மை. ஆனால், புள்ளிக்காகப் பெயர் பதியும் உறுப்பினர் எண்ணிக்கையில் மட்டும் இருப்பார், அவையில் இரார்.

நாம் செய்யத்தக்கது

நாட்டிலேயே மிக அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை, முதலாம் படிவத்தின் முதல் வாரத்தில் தன்னைத் தமிழில் வரவேற்கும் ஒருவரைக் காண்கிறானா என்பதே வினா. கண்டால், அவன் பதினைந்து பேரில் ஒருவனாவான். காணாவிடில், தமிழ் வகுப்பு எண்ணிக்கை குறைந்து மூடப்படும். எவரும் தடை விதிக்காமலேயே ஒரு பள்ளியில் தமிழ் இல்லாமற்போகும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக் கழகத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளையும் கையெழுத்து இதழ்களையும் ஆண்டு மலர்களையும் தேடி எடுங்கள். கரையான் அரிக்குமுன் படியெடுத்து வையுங்கள். முன்னாள் உறுப்பினர்களை அழைத்து, யார் மேடையேறினார்கள் என்பதோடு, யார் பேருந்துக்காக எழுந்து சென்றார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பின்னர், உங்கள் அடுத்த கூட்டத்தின் நேரத்தைக் குறிக்கும்போது, தொலைவிலிருந்து வரும் பிள்ளையின் நேரத்தை முதலில் கேளுங்கள்.