மேடேறக் கற்ற சைக்கிள்

சைக்கிள் எவ்வளவு எளிதாக மேடேறும் என்பதை முடிவு செய்பவை இரண்டு பற்சக்கரங்கள்: பெடலோடு சுழலும் செயின் வீல், பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீல். முன்னதன் பற்களைப் பின்னதன் பற்களால் வகுத்து வருவது கியர் விகிதம். விகிதம் பெரிதானால் ஒரு மிதிக்கு வண்டி அதிக தூரம் ஓடும். சிறிதானால் தூரம் குறையும், காலுக்குப் பாரமும் குறையும். அந்த விகிதத்தைச் சிறிதாக்க எடுத்த முயற்சிகளே மலையேறும் சைக்கிளின் வரலாறு.

தமிழ்நாட்டில் சைக்கிள் பெருகியது சமவெளிக்காக. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் ஊர் ஊராகச் சென்றன. 28 அங்குலச் சக்கரம், 44 அல்லது 48 பல் செயின் வீல், 18 பல் ஃப்ரீவீல் என்பதே பழைய கறுப்பு சைக்கிளின் வழக்கமான அமைப்பு. கேரியரில் மூட்டையோ பால் கேனோ ஏற்றித் தட்டையான சாலையில் மிதிக்க அது போதும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு 2001-இல் தொடங்கி, 2005-இல் மற்ற மாணவர்களுக்கும் விரிவான அரசின் விலையில்லா சைக்கிளும் ஒற்றை கியர் வண்டிதான்.

மலையில் கணக்கு மாறுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஊராட்சிகள் ஜவ்வாது மலைமேல் உள்ளவை. மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்து வாழும் ஊர்கள். திருப்பத்தூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 390 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டரில். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலை ஒன்றை எடுத்துக்கொண்டால், 44-க்கு 18 பல் உள்ள சைக்கிள் பெடலின் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.4 மீட்டர் ஓடி, 43 சென்டிமீட்டர் மேலேறும். 60 கிலோ ஆளும் 20 கிலோ வண்டியும் ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு உயரம் தூக்கப்பட வேண்டும். பலரால் சில நிமிடங்களுக்கு மேல் அது முடியாது. இறங்கித் தள்ளுவதே வழி.

இதே சிக்கலை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சின் சேன்-எத்தியேன் நகரில் எதிர்கொண்டவர் போல் த விவி (1853–1930). ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதிய அவர், நகரை ஒட்டிய மலைச்சாலைகளில் தாமே ஏறிப் பார்த்து, பல கியர்கள் வேண்டும் என்று தம் இதழில் விடாமல் வாதாடினார். கியர் வலுவற்றவர்களுக்கானது என்ற எண்ணம் அன்று பந்தய உலகில் ஓங்கியிருந்தது. 1903-இல் தொடங்கிய டூர் த பிரான்ஸ் பந்தயத்தில், செயினைப் பல் மாற்றித் தள்ளும் டெரெய்லர் 1937-இல்தான் முழுமையாக அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, மறுபக்கத்துப் பெரிய பற்சக்கரத்தில் செயினை மாட்டினார்கள்.

இங்கிலாந்தில் வேறு வழி பிறந்தது. 1903 வாக்கில் ஸ்டர்மி-ஆர்ச்சர், பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கியது. அதன் புகழ்பெற்ற ஏ.டபிள்யூ. ஹப்பில் கீழ் கியர் நேர் கியரில் முக்கால் பங்கு. மேலே கண்ட 43 சென்டிமீட்டர் அதில் 32 ஆகும். செங்குத்தான மலைக்கு அதுவும் போதாது. 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் குன்றுகளில் உருவான மலைச் சைக்கிள், முன்னால் மூன்று பற்சக்கரங்களையும் பின்னால் அகன்ற ஃப்ரீவீலையும் பொதுவாக்கியது. ஷிமானோ 1984-இல் தந்த ‘கிளிக்’ முறை, கியர் மாற்றும் நுட்பத்தைப் புதியவர் கைக்கும் எட்டச் செய்தது.

இன்று கடையில் ‘21 கியர்’ என்று விற்பது, முன்னால் மூன்று, பின்னால் ஏழு. மேடேற உதவுவது அந்த எண்ணிக்கை அல்ல. முன்னால் மிகச் சிறிய பல்லும் பின்னால் மிகப் பெரிய பல்லும் சேரும் விகிதம். 26 அங்குலச் சக்கரத்தில் 28-க்கு 28 என்றால், அதே எட்டு சதவீத மேட்டில் ஒரு சுற்றுக்கு 17 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். பின்பல் 34 என்றால் 14. மொத்த வேலை குறைவதில்லை. திருப்பத்தூர் மட்டத்திலிருந்து காவலூர் மட்டத்துக்கு அதே சரிவில் ஏற ஒற்றை கியருக்குச் சுமார் 780 சுற்றுகள். 28-க்கு 28-க்குச் சுமார் 2,000. அதே வேலை சிறு சிறு பங்காகப் பிரிகிறது, முழங்கால் தாங்குகிறது.

உதிரிபாகம் மாற்றுவோர் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரீவீலை. 14–28-க்குப் பதில் 14–34 போடுவது செலவு குறைந்த வழி. ஆனால் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். செயினும் சற்று நீளமாக வேண்டும். அதுவும் போதாவிட்டால் முன்பக்கச் சிறு பல்லை 24-ஆகக் குறைக்கலாம், பெடலைத் தாங்கும் கிராங்க் அதற்கு இடம் தந்தால். தேய்ந்த செயினைப் புது ஃப்ரீவீலில் ஓட்டினால் அதன் பற்களும் விரைவில் தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.