துணைப் பாத்திரம் என்னும் தீர்ப்பு: 'அழகர்சாமியின் குதிரை'யை முன்வைத்து

இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் முதன்மை நடிப்பையும் துணை நடிப்பையும் பிரிப்பது திரையில் தோன்றும் நேரமே என்ற விளக்கம் ஆய்வாளரிடையே வேரூன்றியிருக்கிறது. 1984ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கி வழங்கப்பட்டுவரும் துணை நடிப்பு விருதுகளுக்கெல்லாம் இந்த ஓர் அளவுகோல் போதும் என்று அவர்கள் கருதுகின்றனர். தமிழ், மலையாளப் படங்களைப் பொறுத்தவரையிலேனும் அது போதாது. கதையில் பாத்திரத்துக்குள்ள இடத்தைவிடத் திரைத்தொழிலில் நடிகருக்குள்ள இடமே பல வேளைகளில் பிரிவைத் தீர்மானித்திருக்கிறது என்று கொள்ளச் சான்றுகள் இடந்தருகின்றன.

சுசீந்திரனின் 'அழகர்சாமியின் குதிரை' (2011) படத்தில் அழகர்சாமியாகவே நடித்த அப்புக்குட்டிக்குக் கிடைத்தது துணை நடிகர் விருது. நேரக் கணக்குக்கு இது சாதகமான சான்றாகவே முதற்பார்வையில் தோன்றும். திருவிழா நெருங்கும்போது சாமியின் மரக்குதிரை காணாமற்போகிறது. எங்கிருந்தோ வந்த உயிருள்ள குதிரையைத் தெய்வச் செயலென்று ஊரார் பிடித்துவைக்கின்றனர். இவ்வளவும் நடந்த பிறகே குதிரைக்காரன் வருகிறான். இளங்காதலர் கதையொன்றும் தனியே ஓடுகிறது. ஆனால் படத்தில் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்த்தால் நிலைமை வேறு. குதிரை அவனுக்குப் பிழைப்பு; அது கைக்கு வராவிட்டால் அவன் கல்யாணமும் நடவாது. ஊருக்கோ குதிரையில்லாமல் திருவிழா இல்லை. இவ்விரு தேவைகளும் முட்டிக்கொள்வது அவனிடத்தில்தான். காதலரை நீக்கினாலும் கதை நிற்கும். அவனை நீக்கினால் காணாமற்போன பொருளைத் தேடும் ஊர்க்கதை மட்டுமே எஞ்சும். பிந்தி வருவது கதைசொல்லியின் உத்தி, பாத்திரத்தின் சிறுமை அன்று. நடுவர்களின் மனத்துக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. என்றாலும், சிறு வேடங்களில் பழகிய ஒரு முகம் கதையின் நடுவில் நின்றபோதும் அதற்குப் பழைய இருக்கையே தரப்பட்டது என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம்.

இதை உறுதிப்படுத்துவது ஊர்வசியின் 'உள்ளொழுக்கு'. அந்நடிப்புக்காகக் கேரள அரசின் 2023ஆம் ஆண்டு விருதுகளில் சிறந்த நடிகைக்கான விருதை அவர் பகிர்ந்துகொண்டார். 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசிய விருதில் அதே நடிப்பு துணை நடிப்பாயிற்று. படத்தில் அவர் தோன்றும் நேரம் இடையில் குறைந்துவிடவில்லை. பிரிவைத் தீர்மானிக்கும் அளவுகோல் எதுவென்று ஊர்வசியே வெளிப்படையாகக் கேட்டார். இருவரின் பகையே கதையான 'பார்க்கிங்' படத்துக்காக எம். எஸ். பாஸ்கருக்கும் அதே பட்டியலில் துணை நடிகர் விருதுதான்.

'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) படத்தில் தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகையானாரே என்று மறுக்கலாம். அந்த மறுப்பு நேரக் கொள்கையைத்தான் முதலில் பாதிக்கிறது: மகனின் காதலைப் பின்தொடரும் கதையில் தாயின் பாரத்தை அந்தக் குழு கண்டுகொண்டது. கண்டுகொள்ள முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆண்டுதோறும் குழு மாறுவதால் வரும் தற்செயல் என்பாரும் உண்டு. முரண்பாடுகள் பெரும்பாலும் குணச்சித்திர நடிகர்களையே தாக்குவதேன் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

'கோயிங் மை வே' (1944) படத்தின் ஒரே வேடத்துக்காக பாரி பிட்ஜெரால்ட் இரு பிரிவுகளிலும் முன்மொழியப்பட்ட பின், அமெரிக்க அகாடமி தன் விதியைத் திருத்தி அதைத் தடுத்தது. இந்திய நடுவர் குழுவும் துணை நடிப்புக்குத் தரும் ஒவ்வொரு விருதுக்கும், அப்பிரிவைத் தேர்ந்த காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும்.