பன்பாயும் பதிவேடும்: ஒரு வருசக் கைவேலைக் கணக்கு

போன வருசம் முழுக்கக் கைவேலைகளைப் பற்றி வாசிப்பது, பார்ப்பது என்று முடிவெடுத்தபோது, நாங்கள் எடுத்த முதல் விசயம் பாயோ தறியோ இல்ல. போர்வை. அதுவும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பென்ட் என்ற ஊரில் தைத்த போர்வை. ஆறு மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கிற அந்த ஊரில், ஒரு காலத்தில் அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் சந்ததி வாழ்கிறது. அந்தப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டி, ஒட்டுப் போட்டு, குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002ல் அந்தப் போர்வைகளை ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகச் சுவரில் தொங்கவிட்டார்கள். 2006ல் அவை அமெரிக்கத் தபால் முத்திரையில் வந்தன. 2007ல், எங்களுக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று தைத்தவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். இந்தக் கடைசி விசயம்தான் எங்களுக்கு நல்லா மனதில் நின்றது.

படங்களைப் பார்த்து முடிய எங்களில் ஒருத்தி கேட்டாள்: "சரி, நம்மட உம்மம்மாமார் என்னத்த செஞ்சாங்க?"

கல்முனையில் போர்வை தைக்கிற அளவுக்குக் குளிர் எங்க இரிக்கி? பழைய சாரன் பிள்ளைக்கு ஏணையாகும். ஏணை நைந்தால் அடுப்படியில் பிடிதுணி. அதுவும் போனால் சைக்கிள் துடைக்க. ஒட்டுப் போட்டுச் சேர்த்து வைக்கிற தேவை வரவில்லை. எங்கட பக்கத்துப் பெண்கள் கையால் செய்த பொருள் என்றால் முதலில் வருவது பன்பாய். அதில்தான் படுத்தோம், நெல் காயப்போட்டோம், விருந்துக்கு வந்தவர்களைச் சஹனைச் சுற்றி உட்கார வைத்தோம், ஜனாஸா வீட்டு முற்றத்தில் விரித்தோம். பாய்க்கு அடுத்தது கைத்தறி. வருசம் முழுக்க இந்த இரண்டுக்கும் பின்னாலதான் திரிந்தோம்.

தறியைத் தேடுவது லேசு. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால் பாண்டிருப்பு, அதைத் தாண்டினால் மருதமுனை. மருதமுனை என்றாலே சாரன் என்று இலங்கை முழுக்கத் தெரியும். போய் யாரிடம் கேட்டாலும் தறி இருந்த வீடு எது, இன்னும் தறி ஓடுகிற வீடு எது என்று காட்டுவார்கள். வரலாறும் கிடைக்கும். எந்தக் காலத்தில் நல்லா ஓடினது, எப்ப விழுந்தது என்று ஆட்சிக் காலங்களோடு சேர்த்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கதையின் எலும்பு இதுதான். 1970க்கும் 1977க்கும் இடையில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில், வெளிநாட்டுத் துணி வருவது இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. கடையில் துணி வேண்டும் என்றால் உள்ளூர்த் தறியில் நெய்தாக வேண்டும். கஷ்டமான காலம், பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் என்று நம்மட வீட்டுப் பெரியவர்கள் திட்டுகிற அதே ஏழு வருசம், நெசவாளிக்கு நல்ல காலம். 1977ல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்தார். மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நாடு முழுக்கத் தறிகள் நின்றன. மருதமுனையும் அடி வாங்கியது, ஆனால் முற்றாக விழவில்லை. ஒரே அரசியல் முடிவு ஒரு வீட்டில் சாப்பாட்டையும் பக்கத்து வீட்டில் பட்டினியையும் கொண்டுவந்ததை, பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் நாங்கள் படித்த ஞாபகம் இல்ல.

இவ்வளவு தெளிவாகத் தறியின் கதையைச் சொல்ல முடிவது ஏன் என்று பிறகுதான் யோசித்தோம். காரணம் நூல். எங்கட கரையில் பருத்தி விளைவதில்லை. நூல் கடல் கடந்து வரவேண்டும், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. வருகிற நூலைப் பங்கிட வேண்டும். பங்கிட நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் வேண்டும், சங்கத்துக்கு அங்கத்தவர் பட்டியல், நூல் கட்டுக்குக் கணக்கு, கையெழுத்து. தறி ஓடினால் ஒரு காகிதம் உண்டு, நின்றாலும் உண்டு. 2022ல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது நூலும் சாயமும் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலிலும் ஒரு ஓட்டை இருந்தது. தறியில் உட்காருவதற்கு முந்திய வேலை ஏராளம். நூலைச் சாயத்தில் தோய்த்துக் காயப்போட வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், ராட்டினத்தில் சுற்ற வேண்டும், நீளவாக்கில் போகிற பாவு நூலை ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். கைத்தறி எங்கே இருந்தாலும் இந்த வேலையில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும்தான். சங்கத்துக் கொப்பியில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். உம்மா நூல் சுற்றினதை "வேலை" என்று அவவே சொல்ல மாட்டா. "சும்மா இருந்த நேரம் சுத்திக் குடுத்த" என்பா.

பாயைத் தேடிப் போனபோது இந்த "சும்மா" இன்னும் பெருத்துப் போனது.

கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனைப் பக்கம் போனால் பாய் இழைக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன, அதிகமும் வயது போனவர்கள். அவர்கள் "பாய் பின்னுவது" என்று சொல்வதில்லை, "இழைக்கிற" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் போய் உட்கார்ந்து, வரலாறு எழுதப் போகிறோம் என்று சொன்னதும் ஒரு மூத்தம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கு. "இதுக்கெல்லாம் என்ன வரலாறு மகள்? ராவைக்குப் படுக்கப் பாய் வேணும், இழைச்ச. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவ சொன்ன வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தோம். பன் சதுப்பில் வளர்கிற புல். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வெட்ட வேண்டும், அட்டை கடிக்கும். வெட்டினதை வெயிலில் போட்டுக் காய வைத்து, பிறகு ஈரம் காட்டித் தட்டையாக்கி, ஒரே அகலத்துக்குத் தரம் பிரித்து எடுக்க வேண்டும். பாதியைச் சாயத்தில் அவிக்க வேண்டும். இலங்கையில் பாய்க்குச் சிவப்பு முந்தி பதங்கிக் கட்டையை அவித்து எடுத்தது, இப்ப கடைத் தூள். பிறகுதான் இழைக்கத் தொடங்குகிறது. தறி இல்ல, சட்டம் இல்ல, அளவுகோலும் இல்ல. நிலத்தில் குந்தி, இழைத்த பாய்க்கு மேலேயே நகர்ந்து நகர்ந்து மிச்சத்தை இழைக்க வேண்டும். அளவு சாண், முழம். பூ விழுகிற இடம் எண்ணிக்கையில்: எத்தனை பன் மேலே, எத்தனை கீழே. அந்த எண்ணிக்கை எந்தக் கொப்பியிலும் இல்ல. பேசிக்கொண்டே, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டே, அவ எண்ணிக்கொண்டு இருந்தா. நாங்கள் மூன்று பேர் வாய் மூடி எண்ணியும் நாலாவது வரியில் பிழைத்தோம்.

பன்னுக்கு யாரும் கோட்டா போடவில்லை. அது கப்பலில் வரவில்லை, வட்டையின் ஓரத்தில் தானாக முளைத்தது. சங்கம் தேவைப்படவில்லை, கடன் தேவைப்படவில்லை, கையெழுத்தும் தேவைப்படவில்லை. அரசாங்கத்திடம் ஒன்றுமே கேட்காத தொழில், அரசாங்கத்தின் காகிதத்தில் ஒன்றுமே விட்டுப் போகவில்லை. 1964ல் லக்சல வந்தது, 1982ல் தேசிய அருங்கலைகள் பேரவைக்குச் சட்டம் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சந்தைக்கே போகாமல், மகளுக்கு, பேத்திக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று போன பாயை எந்தக் கணக்கில் எழுதுவது?

எழுத வந்தவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908ல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். தகப்பன் வழியில் தமிழர். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்தில், தன் கைச் செலவில் அடித்தார். நெசவு, பாய், மட்பாண்டம் எல்லாவற்றையும் அப்படிக் கவனமாகப் பார்த்த ஆள் அவருக்கு முந்தி இல்ல. ஆனால் அவர் எடுத்த களம் கண்டிச் சிங்களக் கைவினை. எங்கட கரை அதன் எல்லைக்கு வெளியே. எங்கட பக்கத்தில், பண்டிதர் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964ல் வந்தது. அதற்குப் பிறகு கிழக்கின் நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தவர்கள் பலர், முஸ்லிம் பெண்களின் கவிகளும் அப்படித்தான் காப்பாற்றப்பட்டன. வாயால் வந்தது காகிதத்துக்கு ஏறியது. ஒரு பெண் கவி சொன்னால் எழுதிக்கொண்டார்கள். அவ கவி சொல்லிக்கொண்டே கையில் என்ன இழைத்தா என்று குறிப்பெடுத்தவர்கள் குறைவு. (அந்தத் தொகுப்புகளை நாங்களும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். எங்களுக்கும் இந்தக் கேள்வி வர ஒரு அமெரிக்கப் போர்வை தேவைப்பட்டது.)

கடலுக்கு அந்தப் பக்கம் இப்படி இல்ல. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் பத்தமடை இருக்கிறது. அங்கேயும் பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள், லெப்பைச் சமூகத்துப் பெண்கள். புல் கோரை. அவர்கள் நிலத்தோடு ஒட்டின தறியில் பருத்தி நூலைப் பாவாக இழுத்து, மெல்லிசாகக் கீறின கோரையை ஊடையாகக் கொடுக்கிறார்கள். சேலை மாதிரி மடிக்கலாம். கலியாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையே நெய்து கொடுக்கிறார்கள். பத்தமடைப் பாய்க்கு இந்தியாவில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்கட பாயில் பாவும் பன், ஊடையும் பன், பருத்தியே இல்ல. இரண்டும் ஒரே தொழில் என்று சொல்ல முடியாது. ஆனால் பத்தமடைக்குப் பெயர் இருக்கிறது. எங்கட பாய் கடைக்கு வந்தால் "பன்பாய்" மட்டும்தான், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

இனி 2004 டிசம்பர் 26. சுனாமியில் நாட்டிலேயே அதிகமானவர்கள் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோரத்தில் போனதை நாங்கள் எழுதத் தேவையில்லை, எங்கட வீடுகளில் சொல்லாத நாள் இல்ல. கைவேலைக் கதைக்குள் ஒரு விசயம் மட்டும் சொல்ல வேண்டும்.

எங்கட கரையில் குடி உம்மா வழியில் வருவது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். அப்படியென்றால் கடல் கொண்டுபோன வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் வீடுகள். திருப்பிக் கட்டிக் கொடுக்க வந்தவர்களின் படிவத்தில் இருந்தது "குடும்பத் தலைவர்" என்ற ஒரு கட்டம். பல இடங்களில் அந்தக் கட்டத்தில் கணவன் பெயர் ஏறியது, புது வீட்டின் உரித்தும் அந்தப் பெயருக்கே போனது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிறகு எழுதியிருக்கிறார்கள், பெண்கள் அமைப்புகள் அப்பவே சத்தம் போட்டன.

தொழில் இழப்பு எழுத வந்த இடத்திலும் இதே கதைதான் என்று ஒரு ராத்தா சொன்னா. தோணி போனவர் தோணி என்றார், வலை போனவர் வலை என்றார். தறி போனவர் தறி என்றார், அதைக் காட்ட மரச் சட்டமாவது கிடந்தது. "என்ட உம்மாக்கிட்ட என்ன சாமான் போன என்டு கேட்டாங்க. பாய் இழைக்கிறதுக்கு என்ன சாமான் இரிக்கி? கைதான். கை ரெண்டும் இரிக்கி என்டு சொல்லிட்டு வந்துட்டா." அவவுக்கு அதில் கோபம் இருந்ததா, பகிடியாகச் சொன்னாவா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு பாயைத் தள்ளியது பிளாஸ்டிக். கழுவலாம், பூச்சி அரிக்காது, விலை குறைவு. கரைவாகு வட்டைப் பக்கம் மண் போட்டு நிரப்பிக் கட்டடம் வரவர ஈரநிலமும் சுருங்குகிறது. எங்கட வீடுகளிலும் பிளாஸ்டிக் பாய்தான் விரிக்கிறோம், பொய் சொல்லத் தேவையில்ல.

வருச முடிவில் எங்களிடம் இருப்பது ஒரு எண்பது பக்கக் கொப்பி. அதில் ஏழு பூக்களின் எண்ணிக்கை எழுதியிருக்கிறோம், இத்தனை மேலே, இத்தனை கீழே என்று. ஒவ்வொன்றுக்கும் இழைத்தவர் சொன்ன பெயரையே வைத்தோம். ஒரே பூவுக்கு நிந்தவூரில் ஒரு பெயரும் பாலமுனையில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதினோம். ஒரு பாய்க்கு எத்தனை நாள் என்ற கணக்கும் உண்டு. அதில் வெட்டினது, காய வைத்தது, அவித்தது எல்லாம் சேர்த்துத்தான். அந்த நாட்களை ஒரு நாள் கூலியால் பெருக்கி மூத்தம்மாவுக்குக் காட்டினோம். தொகையைப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்கு யாரு வாங்குற?" என்றா. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கா சொல்லு, எவ்வளவு?" என்றா.

அவவிடம் நாங்கள் இழைக்கத் தொடங்கின பாயும் இருக்கிறது. தொட்டில் பிள்ளைக்குக் காணும், அதைவிடப் பெரிசு இல்ல. ஓரம் மடித்து முடிக்கத் தெரியாமல் அப்படியே சுருட்டி வைத்திருக்கிறோம். நோன்பு முடிய வரச் சொல்லியிருக்கிறா.