பதிவு மூப்பு: ஒரு வரிசையின் கதை

"எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சாச்சா?"

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தவுடன் எல்லா வீட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி இது. வேலை கிடைக்குமா என்பது அப்புறம். முதலில் வரிசையில் இடம் போட வேண்டும்!

இந்த வரிசை ஆரம்பித்தது படித்தவர்களுக்காக அல்ல. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம், பட்டாளத்திலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945 ஜூலையில் ஆங்கிலேய அரசு ஒரு துறையை உருவாக்கியது. 1948-ல் பொதுமக்களும் பதியலாம் என்றானது. 1956 நவம்பரில் இந்த அலுவலகங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது.

அடுத்து 1959-ல் ஒரு சட்டம். அரசுத் துறைகளும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி: தெரிவித்துவிட்டதாலேயே அந்த அலுவலகம் மூலம்தான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிவிக்காமல் விட்டால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்! தனியார் கம்பெனிகள் எவ்வளவு பயந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பதிந்தவர்களின் நம்பிக்கை எல்லாம் அரசு வேலை மேல்தான். அதற்குப் பெயர் 'பதிவு மூப்பு'. யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கு முன்னால் அழைப்பு. சிபாரிசு வேண்டாம், பணம் வேண்டாம், காத்திருந்தால் போதும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான முறை வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் காத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அத்தனை வருட மூப்பும் போச்சு. தபால்காரரை எதிர்பார்த்தே பலருக்குத் தலை நரைத்தது. 2006-ல் தமிழக அரசு, பதிந்து 5 வருடம் காத்திருந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. காத்திருப்புக்கே சம்பளம் மாதிரி!

இதற்கிடையில் வரிசையும் ஆட ஆரம்பித்திருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல், பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோருக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று 1996-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதியாதவனுக்கும் சம உரிமை உண்டல்லவா? அதுவும் நியாயம்தான்.

பெரிய அடி விழுந்தது ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தவர்கள் மேல். பதிவு மூப்பில் ஆசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டில், 2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. தேறியவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. வருடக்கணக்கில் கார்டைப் புதுப்பித்தவர்களும், நேற்று பி.எட். முடித்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள்.

தகுதி பார்ப்பது தப்பில்லை. ஆனால் "காத்திரு, உன் முறை வரும்" என்று சொன்னதும் அதே அரசுதானே? அந்த வார்த்தையை நம்பி நின்றவர்களின் இளமைக்கு எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

2023-லும் பதிவு செய்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கு மேல். வரிசை கலைந்த பிறகும் கூட்டம் கலையவில்லை...