தென்னிந்தியத் திருச்சபையின் ஐக்கியம் எதன்மேல் நின்றது?

நம் முன்னோர் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தபோது, கிறிஸ்தவர்களாய் இருந்தோர் தத்தம் சபையையும் மூட்டையோடு சுமந்து வந்தனர். வட ஆர்க்காட்டார் ஆர்க்காடு மிஷன் வழியினர், திருநெல்வேலியார் ஆங்கிலிக்கன், மதுரைப் பக்கத்தார் அமெரிக்கன் மிஷன், தரங்கம்பாடிப் பக்கத்தார் லுத்தரன். (ரோமன் கத்தோலிக்கச் சபையின் வரலாறு வேறாதலால் அதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை.) இப்பிரிவுகளை நம்மவர் ஆராய்ந்து தெரிந்துகொண்டாரல்லர். மிஷன் சங்கங்கள் ஜில்லாக்களைத் தமக்குள் வரையறுத்துக்கொண்டன. பிறந்த ஊர் எதுவோ அதுவே சபையாயிற்று. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் மூண்ட வழக்கு, அதில் ஓர் ஏடும் புரட்டியறியாத நம் பாட்டன்மார் தலையில் வந்து விழுந்தது! ஒரே லைனில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோர், திருவிருந்துக்கு மட்டும் வெவ்வேறு கோயிலுக்குச் சென்றனர்.

இவ்வவலத்தை முதலில் உரக்கச் சொன்னோர் இந்தியரே. 1919 மே மாதம் முதலிரு நாட்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். முன்னின்றவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. வேதாகமம், இரு விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்று வழிவந்த அத்தியட்சர் பதவி என நான்கினை அடிப்படையாக அவர்கள் கூறினர்.

முதல் மூன்றில் பெரும் பிணக்கில்லை. நான்காவதிலேதான் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. அத்தியட்சர் கைவைத்து அபிஷேகம் பண்ணாதவர் குருவாகார் என்பது ஒரு சாரார் கொள்கை. அத்தியட்சரே இன்றி ஊழியம் நடத்திய எம் குருமார் போலிகளோ என்பது மறுசாரார் கேள்வி. பங்காருப்பேட்டையில் அகலப்பாதை வண்டியினின்று இறங்கி, கோலாருக்குக் குறுகிய பாதை வண்டி ஏறிய நாட்கள் பெரியோர்க்கு நினைவிருக்கும். எவர் தண்டவாளத்தைப் பெயர்ப்பது என்பதே அங்கும் வழக்கு!

முடிவில் எவரையும் தம் கடந்த காலத்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. சேரும் சபைகளின் குருமார் அனைவரும், மறுபடி அபிஷேகமின்றி, அப்படியே ஏற்கப்பட்டனர். இனி அபிஷேகம் பெறுவோர் மட்டும் அத்தியட்சர் கையால் பெறுவர். மனச்சாட்சி ஒவ்வாத குருவை எந்தச் சபையின்மேலும் திணிப்பதில்லை என வாக்களிக்கப்பட்டது. ஊழியம் முழுதும் ஒரே முறையில் வளர்வதற்கு முப்பது ஆண்டுத் தவணை கொடுத்தனர். நான்கு அடிப்படைகளும் ஏட்டில் இருந்தன. ஐக்கியத்தை நிறுத்தியது இந்த வாக்கும் பொறுமையுமே என்பது எமது துணிபு.

1947 செப்டம்பர் 27ஆம் நாள், நாடு இரண்டாகப் பிரிந்த ஆறு வாரங்களில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையாரும், மெதடிஸ்டு சபையாரும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாயினர். 1945 புத்தாண்டு நாளில் மறைந்த அசரியா அதைக் காணவில்லை.

லுத்தரன் சபையார் சேரவில்லை. அமெரிக்கத் தொடர்புடைய மெதடிஸ்டுகளும் சேரவில்லை; நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபையார் பலர் விலகி நின்றனர். எனவே முழு ஐக்கியம் என்று சொல்வதற்கில்லை. 2001இல் சுரங்கம் மூடியபின், விடியற்காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் காலனி இளைஞரைப் பார்க்கிறோம். நீ எந்தச் சபை என்று வினவினால், பாட்டனார் ஊரின் பெயரைச் சொல்லுகிறார்கள்.