முகாமைச் சுமந்தவர்கள்
(வானொலி மறையுரை)



மே மாதம் வந்தால் நம் பங்குகளில் சிறுவர் முகாம் களைகட்டிவிடும். பத்து நாள்கள் பாட்டும் விளையாட்டும் விவிலிய வகுப்புமாகக் கோவில் வளாகம் கலகலக்கும். கடைசி நாள் கலைநிகழ்ச்சி, பரிசளிப்பு, பொன்னாடை. கடந்த மே மாதம் நாமும் அப்படித்தான் நிறைவு விழா நடத்தினோம். வந்து உரையாற்றியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினோம். விழா முடிந்து விளக்குகளை அணைக்கப் போனபோது கோவிலுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. பத்து நாளும் சமைத்துப் போட்ட அம்மாமார் மூவர் அங்கே அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயரை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அவர்களோ நம்மைப் பார்த்ததும், "சாமி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

ஒரு முகாமை உண்மையில் நடத்துவது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நமக்குத் தொலைவில் உள்ள போலந்து நாட்டுத் திரு அவையின் வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முகாம் என்ற சொல்லுக்கு நம் காதில் இரண்டு முகங்கள் உண்டு. கோடை முகாம் என்றால் மகிழ்ச்சி. வதைமுகாம் என்றால் நடுக்கம். இவ்விரண்டையும் தம் வாழ்விலேயே கண்ட ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் பிரான்சிஷெக் பிளாக்நிட்ஸ்கி. 1921ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று தென் போலந்தில் உள்ள ரிப்னிக் நகரில் பிறந்தவர். இளமையில் சாரணர் இயக்கத்தில் ஊறியவர். திருமுழுக்குப் பெற்றிருந்தும், வாலிபப் பருவத்தில் நம்பிக்கையைக் கைவிட்டவர்.

நாசிப் படைகள் போலந்தைப் பிடித்த பிறகு, 1940 ஜூனில், பத்தொன்பது வயதில் அவரை அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாம் திறந்து பத்தே நாள்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கிடைத்த எண் 1201. ஏறத்தாழ 14 மாதங்கள் அங்கே இருந்தார். அவற்றில் பல மாதங்கள் தண்டனைப் பிரிவில் கழிந்தன. அந்த முகாமின் நடைமுறையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கைதிகளையே கைதிகளுக்கு மேலாளாக வைத்தார்கள். மேலாளாக நின்றவன் கையில் தடி இருந்தது. அவனுக்கு ரொட்டி கூடுதலாகக் கிடைத்தது. அடுத்தவனை எவ்வளவு அடிக்கிறானோ அவ்வளவுக்கு அவன் உயிர் பிழைத்தான். அதிகாரம் என்றால் அங்கே பொருள் அதுதான். அதே முகாமில், 1941 ஆகஸ்ட் 14 அன்று, இன்னொரு கைதிக்காகத் தம் உயிரைக் கொடுத்தார் புனித மாக்ஸிமிலியன் கோல்பே.

பிளாக்நிட்ஸ்கியை அங்கிருந்து வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். 1942 மார்ச் மாதம் கட்டோவிட்சே நகரில் அவருக்குத் தலையை வெட்டிக் கொல்லும்படி தீர்ப்பாயிற்று. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அழைத்துச் செல்லப்படும் அந்த மரணச் சிறையில்தான், ஜூன் 17 அன்று, இறைநம்பிக்கை தம்முள் ஒளியாகப் புகுந்தது என்று அவரே பிற்காலத்தில் சான்று பகர்ந்தார். ஆகஸ்ட் 14 அன்று, புனித கோல்பே மறைந்து சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாளில், அவருடைய மரண தண்டனை சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்து 1945இல் வீடு திரும்பியவர் குருமடத்தில் சேர்ந்தார். 1950 ஜூன் மாதம் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அன்புக்குரியவர்களே, அப்போது போலந்தில் கம்யூனிச ஆட்சி. கத்தோலிக்க இளையோர் சங்கங்கள் முடக்கப்பட்டுவிட்டன. 1961இல் பள்ளிகளிலிருந்து மறைக்கல்வி சட்டப்படி வெளியேற்றப்பட்டது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் உரிமை தங்களுக்கே உண்டு என்று அரசு கருதியது. இந்தச் சூழலில்தான் தந்தை பிளாக்நிட்ஸ்கி 1954இல் பிபியேலா என்னும் இடத்தில் பீடச் சிறுவர்களைக் கூட்டி ஒரு தியானம் நடத்தினார். நாள் முழுக்க உட்கார வைத்துப் பிரசங்கம் செய்யும் தியானம் அன்று அது. சாரணர் முறையில் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து வேலை செய்து, சேர்ந்து செபித்து, காட்டிலும் மலையிலும் நடந்து, பதினைந்து நாள்கள் ஒரே குடும்பமாக வாழ்வதே அந்தத் தியானம். அதற்கு 'பாலைவனச் சோலை' என்று பெயரிட்டார். அறுபதுகளில் துனாயெட்ஸ் ஆற்றங்கரையில், மலையடிவாரத்தில் உள்ள குரோஷ்சியென்கோ என்னும் சிற்றூர் இந்தச் சோலைகளுக்குத் தாய்வீடாக அமைந்தது.

பதினைந்து நாள்கள் ஏன்? அந்நாளில் செபமாலையின் மறையுண்மைகள் பதினைந்து. நாளுக்கு ஒன்றாக அவற்றை வாழ்ந்து பார்ப்பதுதான் திட்டம். முதல் நாள் மங்கள வார்த்தை. இரண்டாம் நாள், எலிசபெத்துக்கு உதவி செய்ய மலைநாட்டுக்கு விரைந்து சென்ற அன்னை மரியா. பத்தாம் நாள் சிலுவை. பதின்மூன்றாம் நாள் தூய ஆவியாரின் வருகை; அன்று சுற்றுவட்டாரத்தில் உள்ள சோலைகள் எல்லாம் ஒன்றுகூடித் திருப்பலியில் பங்கேற்கும். வந்தவுடன் மங்கள வார்த்தை, மறுநாளே ஊழியம் என்ற அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். இறைவார்த்தையைக் கேட்டவர் அடுத்த நாள் யாருக்காவது உதவ எழுந்து போக வேண்டும்.

இந்த முகாம்களில் பணியாற்றியவர்கள் யார்? ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். முந்தைய ஆண்டுகளில் தாங்களே பிள்ளைகளாக வந்து போனவர்கள். நம்மூர் முகாமில் 'அண்ணன்', 'அக்கா' என்று பிள்ளைகள் அழைப்பார்களே, அவர்களைப் போன்றவர்கள். அவர்களுடைய ஒரு நாளைச் சற்று பின்தொடர்வோம்.

காலையில் பிள்ளைகளை எழுப்பிக் காலைச் செபத்துக்குக் கூட்ட வேண்டும். பிறகு 'சந்திப்புக் கூடாரம்' என்னும் வேளை. மோசே கூடாரத்துக்குள் சென்று ஆண்டவரோடு நண்பரைப் போல் உரையாடினார் அல்லவா? அதை நினைந்து ஒவ்வொருவரும் தனியே விவிலியத்தோடு அமைதியாக அமரும் நேரம் அது. அடுத்துக் குழுவில் இறைவார்த்தையைப் பகிர்தல். நாளின் நடுநாயகமாகத் திருப்பலி. பிறகு 'திறந்த கண்களின் நடை'. படைப்பில் கடவுளின் கைவண்ணத்தைத் தேடிக் காட்டுக்கும் மலைக்கும் போவது. இரவில் பாட்டும் சிரிப்புமாக ஒரு மகிழ்மாலை. இத்தனைக்கும் நடுவே வேலை முறை வந்துகொண்டே இருக்கும். இன்று இந்தக் குழு சாப்பாட்டு மேசைக்கு, நாளை அந்தக் குழு கூட்டிப் பெருக்க. வீட்டை நினைத்து அழும் பிள்ளையைத் தேற்றுவதும், சண்டை போட்ட இருவரைச் சேர்த்து வைப்பதும் வழிகாட்டியின் பாடு. எல்லாரும் உறங்கிய பின்தான் மறுநாள் பகிர்வுக்கு அவர் தம்மைத் தயாரிக்க முடியும்.

அடுத்து, சமையலறை. போலந்தில் கடைகளில் வரிசையில் நின்று பொருள் வாங்கிய காலம் அது. 1976இல் சர்க்கரைக்கே பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. அந்த நிலையில், வளரும் பிள்ளைகள் ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து நாள்கள் மூன்று வேளையும் உணவு தருவது எளிதா? முகாம் நடத்தப் பெரிய கட்டடமும் கிடையாது. மலையூர்க் குடியானவர்கள் தங்கள் வீட்டு அறைகளையும் மச்சுகளையும் வைக்கோல் கொட்டகைகளையும் ஒழித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அங்கே படுத்துறங்கினார்கள்.

தந்தை பிளாக்நிட்ஸ்கி இந்தப் பணிகளைத் தியானத்துக்கு வெளியே வைக்கவில்லை. 'தியாக்கோனியா' என்ற கிரேக்கச் சொல்லை அவர் எடுத்தாண்டார். ஊழியம் என்று பொருள். பாடகர் குழுவும் ஊழியம், திருவழிபாட்டைத் தயாரிப்பதும் ஊழியம், பந்தி பரிமாறுவதும் ஊழியம். வழிகாட்டியாகப் பயிற்சி முடித்தவருக்கு ஒரு சிலுவையைக் கொடுத்து அனுப்புவது இந்த இயக்கத்தின் வழக்கம். மேலாளின் கையில் தடியைப் பார்த்த மனிதர், தாம் அமைத்த முகாமில் தலைமை ஏற்பவரின் கையில் சிலுவையைக் கொடுத்தார். அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அவர் சொன்ன மறுமொழி இதுவென்றே நாம் கருதுகிறோம்.

அரசு இதைச் சும்மா விடவில்லை. குடிவெறியை எதிர்த்து அவர் தொடங்கிய இயக்கத்தை 1960இல் மூடினார்கள். 1961இல் அவரைக் கைது செய்து நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். முகாம்களுக்கோ வேறு வழியில் தொல்லை தந்தார்கள். காவலர்கள் வந்தார்கள், சுகாதார ஆய்வாளர்கள் வந்தார்கள். அனுமதியின்றி முகாம் நடத்துகிறீர்கள் என்றார்கள். இடம் கொடுத்த வீட்டுக்காரர்கள் மீது, விருந்தினரைப் பதிவு செய்யவில்லை என்று அபராதம் விதித்தார்கள். சகோதர சகோதரிகளே, அரசுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. பிரசங்கம் செய்பவரை அடைத்தால் இன்னொருவர் பிரசங்கம் செய்வார். இடம் கொடுப்பவரும் சோறு போடுபவரும் பயந்து விலகிவிட்டால் முகாமே நின்றுபோகும். முகாமின் அடித்தூண் எது என்று நமக்குத் தெரியாதது அதன் பகைவர்களுக்குத் தெரிந்திருந்தது!

ஆனால் அந்தக் குடியானவர்கள் கதவை அடைத்துவிடவில்லை. அடுத்த கோடையிலும் கொட்டகைகள் திறந்தன. கிராக்கோவ் பேராயராக இருந்த கர்தினால் கரோல் வொய்த்திவா கோடைதோறும் இந்தச் சோலைகளைத் தேடி மலையேறி வந்து, இளையோரோடு திருப்பலி நிறைவேற்றினார். 1973 ஜூன் 11 அன்று குரோஷ்சியென்கோவில் இந்த இயக்கத்தை அமல அன்னைக்கு அர்ப்பணித்தார். பிற்காலத்தில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலாக உலகம் அறிந்தவர் அவரே. 1976 முதல் 'ஒளி–வாழ்வு' என்று பெயர் பெற்ற இந்த இயக்கத்தின் முகாம்களில், எழுபதுகளின் இறுதிக்குள், ஒவ்வொரு கோடையிலும் பல்லாயிரம் இளையோர் பங்கேற்றார்கள்.

1981 டிசம்பரில் தந்தை பிளாக்நிட்ஸ்கி உரோமைக்குச் சென்றிருந்தபோது போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்பெர்க் என்னும் ஊரில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1987 பிப்ரவரி 27 அன்று அங்கே திடீரென இறந்தார். அவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது என்று 2023இல் போலந்து நாட்டு விசாரணையாளர்கள் அறிவித்தார்கள். 2015இல் திரு அவை அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றது. அவருடைய உடல் இன்று குரோஷ்சியென்கோவில் துயில்கிறது. சோலை முகாம்கள் இன்றும் நடக்கின்றன.

இந்த வரலாற்றில் தந்தை பிளாக்நிட்ஸ்கியின் பெயர் நிலைத்துவிட்டது. உருளைக்கிழங்கு உரித்தவர்களின் பெயர்களும், அபராதம் கட்டிய வீட்டுக்காரர்களின் பெயர்களும் நம் கைக்கு எட்டவில்லை. ஆண்டவருடைய வாழ்வின் நூலில் அவை இருக்கும் என்று நம்புகிறோம்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் என்ன செய்தார் என்று யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் சொல்கிறது. இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்த சீடர்களுக்காகக் கரியில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். முதலில் உண்ண அழைத்தார். பேதுருவிடம் ஆடுகளை ஒப்படைத்தது உணவுக்குப் பிறகுதான். சாவை வென்றவர் சமையல் செய்துகொண்டிருந்தார்! கோவிலுக்குப் பின்னால் அண்டா துலக்கியவர்களின் பக்கத்தில்தான் அவர் நின்றிருப்பார் என்பது நமக்கு அன்றிரவு புரிந்தது.

எனவே, வரும் மே மாதத்துக்கு மூன்று காரியங்களை நாம் தீர்மானித்திருக்கிறோம். ஒன்று, சமைப்பவர்கள் திருப்பலிக்கு வராமல் முகாமில் திருப்பலி தொடங்காது. மார்த்தாவை அடுக்களையிலேயே விட்டுவிட்டு மரியாவை மட்டும் ஆண்டவரின் காலடியில் உட்கார வைக்கும் முகாம் நமக்கு வேண்டாம். அடுப்பு அரைமணி நேரம் காத்திருக்கட்டும். இரண்டு, பிள்ளைகள் தாங்கள் உண்ட தட்டைத் தாங்களே கழுவுவார்கள். பரிமாறும் முறை அவர்களுக்கும் உண்டு. அதுவும் மறைக்கல்விதான். மூன்று, சமையல் பெண்கள் வேலை என்ற பேச்சை இனி விட்டுவிடுவோம். ஆண்களும் வாருங்கள். முதல் நாள் வெங்காயம் உரிக்கப் பங்குச்சாமியாகிய நாமும் உட்காருவோம்.

பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் பெற்றோரே, பெயர் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு நாள்கள் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு வேளை கொடுங்கள். பத்து நாள்களில் கேட்ட பாடங்களைப் பிள்ளைகள் மறந்துபோகலாம். காய்ச்சலில் கிடந்தபோது இரவில் கஞ்சி கொண்டுவந்த அக்காவை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்த மூன்று அம்மாமாரிடமும் நாம் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "இதுக்கெல்லாம் எதுக்கு சாமி?" என்று சிரித்தார்கள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

பணிவிடை பெறுவதற்காக அல்ல, பணிவிடை புரியவே வந்த ஆண்டவரே, உம் பந்தியில் எங்களுக்கும் ஒரு வேலை கொடும். ஆமென்.