கேட்கும் முகம்: 'காதலிக்க நேரமில்லை'யின் கதைசொல்லும் காட்சியும் டி. எஸ். பாலையாவும்

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் செல்லப்பா தன் தந்தை விஸ்வநாதனுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை நாகேஷின் தனிச் சாதனையாகக் கொள்வது தமிழ்த் திரை ஆய்வில் ஏறக்குறைய மரபாகிவிட்டது. கதவு கிறீச்சிடும் ஓசை முதல் காலடிச் சத்தம் வரை எல்லாவற்றையும் வாயாலேயே எழுப்பும் நாகேஷே காட்சியை நடத்துகிறார் என்றும், எதிரே விஸ்வநாதனாக இருக்கும் பாலையா அந்த வித்தைக்கு ஒரு சாக்கு மட்டுமே என்றும் இவ்வாய்வுப்போக்கு கருதுகிறது. திரைப்படத் தொழிலைக் கேலி செய்யும் காட்சி என்பதற்கு மேல் அது பெரும்பாலும் போவதில்லை. நாகேஷின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காட்சியின் பொருள் பாலையாவின் முகத்தில்தான் உருவாகிறது என்பது என் வாதம்.

காட்சியை நெருங்கிப் பார்ப்போம். விஸ்வநாதன் பணக்காரர், கறார்ப் பேர்வழி. மகனின் 'ஓஹோ புரொடக்சன்ஸ்' கம்பெனிக்குக் காலணா கொடுக்க மனமில்லாதவர். கதையைக் கேட்க அவர் உட்காருவதே ஒரு சலுகைதான். தொடக்கத்தில் அவர் உடம்பில் இருப்பது அலட்சியம். பிறகு கண் மட்டும் விழித்துக்கொள்கிறது. உடம்பு இன்னும் முதலாளியாகவே இருக்க, கண் கதைக்குள் போய்விடுகிறது. அடுத்து வாய் தன்னையறியாமல் திறக்கிறது, தோள் குறுகுகிறது. கடைசியில்தான் உடம்பு முழுவதும் அச்சத்துக்கு ஆட்படுகிறது. இந்த வரிசை முக்கியமானது. வெறும் பயந்தாங்கொள்ளியை நடித்துக்காட்ட வேண்டுமென்றால் முதல் ஓசைக்கே துள்ளியிருக்கலாம். சிரிப்பும் உடனே கிடைத்திருக்கும். பாலையா அதைச் செய்யவில்லை. நம்ப விரும்பாத ஒருவர் படிப்படியாக நம்பிக்கைக்குள் இழுக்கப்படுவதை, ஏறத்தாழ வசனமே இல்லாமல், நமக்குக் காட்டுகிறார்.

செல்லப்பா சொல்வதில் உண்மையில் கதை என்று எதுவும் இல்லை. ஓசைகளும் இடைவெளிகளும் இருக்கின்றன. அவற்றைக் கதையாக்குபவர் விஸ்வநாதன். ஓஹோ புரொடக்சன்ஸின் முதல் ரசிகர், ஒருவேளை ஒரே ரசிகர், அவர்தான். ஆகவே இதைத் திரைத்தொழில் பற்றிய கேலி என்று மட்டும் படிப்பது போதாது. திரை பார்ப்பவர்களைப் பற்றிய காட்சி இது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம்மை, படத்தின் இயக்குநர் ஸ்ரீதர், பாலையாவின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். படத்தின் பிற பகுதிகளும் இப்படிப்பிற்குத் துணை நிற்கின்றன. முத்துராமன் பணக்காரப் பெரியவராக வேடம் போட்டு வரும்போதும் விஸ்வநாதன் கேட்கிறார், நம்புகிறார். கதையோட்டம் முழுக்க அவருடைய காதை நம்பித்தான் நகர்கிறது.

பின் எப்படி இந்த முகம் ஆய்வாளர் கண்ணில் படாமல் போயிற்று? திட்டவட்டமாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு காரணம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப் படங்களின் வசனப் புகழ் பெரிதும் காது வழியாகப் பரவியது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பின்னர் கதைவசன ஒலிநாடாக்கள் வந்தன. ஒலியில் நாகேஷ் முழுமையாக இருக்கிறார். பாலையாவோ அங்கே கிட்டத்தட்ட இல்லை. அவர் செய்ததெல்லாம் மௌனத்தில் நடந்தது. வசனத்தை எழுத்தில் பெயர்த்து ஆராய்பவருக்கும் இதே இழப்புதான். மாறாக, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற சென்னைப் புறநகர்களில் பழைய படங்களை இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் பார்த்தவர்களுக்கு வசனம் ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார். இதை நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. சேலையூரில் நண்பர்கள் சிலருடன் ஒலியை அடைத்துவிட்டு இக்காட்சியைப் பார்த்தபோது சிரிப்பு சிறிதும் குறையவில்லை என்பதையும் சான்றாக முன்வைக்க மாட்டேன். ஆனாலும் அது என் படிப்பை உறுதிப்படுத்தியது.

இந்தப் பெருமை நடிகருக்கு உரியதல்ல, இயக்குநருக்கும் வின்சென்டின் ஒளிப்பதிவுக்கும் உரியது என்ற மறுப்பு எழலாம். அதற்கு நீண்ட விடை தேவையில்லை. இதே கதையை ஸ்ரீதரே 1966-இல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். ஓம் பிரகாஷ் எளிய நடிகர் அல்லர். ஆயினும் அவருடைய அச்சம் விரைவில் வெளியே வந்துவிடுகிறது; சொல்பவரோடு போட்டியிடுகிறது. பாலையாவிடம் இருந்த அந்தத் தயக்கம், நம்ப மறுக்கும் அந்த இடைப்பட்ட நிலை, அங்கே மெலிந்திருக்கிறது. இயக்குநர் ஒருவரே என்றிருக்க, வேறுபாடு நடிகரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். அந்தப் படத்துக்காக மெஹ்மூதுக்கு நகைச்சுவை நடிப்புக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கேட்டவருக்கு எதுவும் இல்லை.

ஹாலிவுட்டில் குணச்சித்திர நடிகருக்கென ஆஸ்கர் விருது 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் விருதை வால்டர் பிரென்னன் பெற்றார். அதே 1936-இல்தான் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் பாலையா திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் முதல் படம் அதுவே. இந்த ஒற்றுமையிலிருந்து பெரிய முடிவு எதையும் பெற நான் விரும்பவில்லை. ஒரு திரையுலகம் துணைப் பாத்திரத்தின் நடிப்பைத் தனிக்கலையாக மதிக்கத் தொடங்கிய ஆண்டில் இங்கே அக்கலையின் பெருங்கலைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் குறிக்கிறேன்.

பாலையா நாடகத்திலிருந்து வந்தவர், ஆகவே உரத்த பேச்சே அவருடைய அடிப்படை என்று வாதிடுவோர் மேடையையும் சரியாகப் படிக்கவில்லை. பல்லாவரத்தை அடுத்த பம்மலின் பெயரைத் தாங்கிய சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யை எடுத்துக்கொள்வோம். எஜமானருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். எஜமானர் சொல்வதை வேலைக்காரன் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வதிலிருந்துதான் நகைச்சுவை முழுதும் பிறக்கிறது. ஏ. வி. மெய்யப்பன் அதை 1941-இல் படமாக்கியபோது எஜமானராக டி. ஆர். ராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். ரத்தினம் பேசுவதைக் காட்டிலும் கேட்டுக்கொள்ளும் விதத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. பாலையா இதிலிருந்து கற்றார் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் கேட்பதை நடிப்பாக்கும் வழக்கம் நம் மேடைக்குப் புதிதல்ல.

'திருவிளையாடல்' (1965) என் வாதத்துக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. ஹேமநாத பாகவதராக வரும் பாலையா, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து ராகமாலிகையில் செருக்கின் உச்சியைத் தொடுகிறார். பலரும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பாட்டைத்தான். ஆனால் பாகவதர் தோற்பது எந்தப் போட்டியிலும் அல்ல. போட்டிக்கு வரவேண்டிய பாணபத்திரரோடு அவர் மோதவேயில்லை. இரவில் ஒரு விறகுவெட்டி (சிவாஜி) பாடியதைக் கேட்டார், அவ்வளவுதான். பாடகன் ஒருவன் தன் காதாலேயே தோற்பதை நடிப்பதற்கு, தான் கேட்பது எத்தகைய இசை என்று அறிந்த முகம் வேண்டும். பாமரனின் வியப்பு அங்கே உதவாது. எத்தனையோ மேடை கண்ட வித்துவானின் கணக்குப் பார்க்கும் வியப்பு வேண்டும். பாலையா கொடுப்பது அதைத்தான். பல சிவாஜிகள் பல வாத்தியங்களோடு தோன்றும் தந்திரக் காட்சி அந்தத் தோல்விக்கு ஓர் அலங்காரமே என்பேன்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் அவர் தவில்காரர் முத்துராக்கு. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. நாயனக்காரர் சங்கதியை எங்கே முடிப்பார் என்று காத்திருந்து வாங்கிக்கொள்வது தவில்காரரின் வேலை. பாலையா அந்தக் காத்திருப்பைக் கண்ணில் வைத்து நடித்திருக்கிறார். படம் முழுக்க நாயனக்காரர் சண்முகசுந்தரத்தின் (சிவாஜி) கோபத்தையும் பிடிவாதத்தையும் முதலில் உணர்ந்துகொள்பவர் அவரே. சிவாஜியின் உணர்ச்சிகளை நாம் பல இடங்களில் பாலையாவைப் பார்த்துத்தான் அளந்துகொள்கிறோம். 'பாகப்பிரிவினை' (1959) இதே கோணத்தில் இன்னும் படிக்கப்படவில்லை. எஸ். வி. சுப்பையாவும் பாலையாவும் அண்ணன் தம்பியாக எதிரெதிரே நிற்கும் காட்சிகளை, வசனத்தை ஒதுக்கிவைத்து, பேசாதவரை மட்டும் பின்தொடர்ந்து ஆராய வேண்டும்.